சரியென்று உடம்பு சொல்லும்போது

ஃபிரடெரிக் மத்தையஸ் அலெக்சாண்டருக்கு மேடையில் நின்று ஷேக்ஸ்பியர் வசனங்களைப் பேசிக்காட்டுவது தொழில். 1869இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் பிறந்தவர். சினிமாவும் வானொலியும் வராத அந்தக் காலத்தில் ஒற்றை ஆளாக மேடையேறி நாடகக் காட்சிகளைப் பேசுகிறவர்களுக்கு நல்ல மதிப்பு இருந்தது. அவருக்கும் பெயர் கிடைக்கத் தொடங்கிய நேரத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. ஒலிபெருக்கி கிடையாது, கடைசி வரிசை வரை குரல் எட்ட வேண்டும். பாதி நிகழ்ச்சியில் குரல் கம்மும், முடியும்போது வெறும் காற்றுதான் வரும். போதாக்குறைக்கு, அவர் மூச்சை இழுக்கும் சத்தம் கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்கிறது என்று நண்பர்களும் சொன்னார்கள்.

மருத்துவர்களைப் பார்த்தார், குரல் பயிற்சியாளர்களைப் பார்த்தார். கொஞ்ச நாள் சரியாகும், மறுபடி கட்டிக்கொள்ளும். முக்கியமான நிகழ்ச்சி ஒன்று வந்தபோது, இரண்டு வாரம் குரலுக்கு முடிந்தவரை ஓய்வு கொடுக்கும்படி மருத்துவர் சொன்னார். அப்படியே செய்தார். மேடையேறியபோது குரல் கணீரென்று இருந்தது. பாதியில் கம்மியது, கடைசியில் பேச்சே எழவில்லை. மீண்டும் மருத்துவரிடம் போய் அவர் கேட்ட கேள்விதான் இந்த அத்தியாயத்துக்கு அடிப்படை. மேடையேறும்போது நன்றாக இருந்த தொண்டை இறங்கும்போது கெட்டிருக்கிறது. அப்படியென்றால் நடுவில் நான் பேசிய விதத்தில் ஏதோ ஒன்றுதானே அதைக் கெடுத்திருக்க வேண்டும்? மருத்துவர் யோசித்துப் பார்த்து, அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். அந்த ஏதோ ஒன்று என்ன? அதற்கு அவரிடம் பதில் இல்லை.

அலெக்சாண்டர் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்றார். முதலில் சாதாரணமாகப் பேசிப் பார்த்தார். விசேஷமாக எதுவும் தென்படவில்லை. மேடையில் பேசுவதுபோல் வசனத்தை எடுத்தவுடன் மூன்று விஷயங்கள் தெரிந்தன. தலை பின்னுக்குச் சரிந்தது. குரல்வளை கீழே அழுந்தியது. வாயால் மூச்சை வெடுக்கென்று உறிஞ்சினார். நண்பர்கள் சொன்ன சத்தம் அதுதான். பிறகு சாதாரணப் பேச்சுக்குத் திரும்பி உற்றுப் பார்த்தால், அதே மூன்றும் அங்கேயும் இருந்தன, மிகச் சிறிய அளவில். மேடையில் வந்த கோளாறு மேடையில் பிறந்தது இல்லை. நாள் முழுவதும் செய்துகொண்டிருந்ததை மேடையில் பெரிதாகச் செய்திருக்கிறார், அவ்வளவுதான்.

மூன்றில் எதை முதலில் நிறுத்துவது? குரல்வளையை நேரடியாகத் தூக்க முடியவில்லை, மூச்சு உறிஞ்சுவதையும் நிறுத்த முடியவில்லை. தலை பின்னுக்குப் போவதை மட்டும் ஓரளவு தடுக்க முடிந்தது. அதைத் தடுத்தபோது மற்ற இரண்டும் தாமாகவே குறைந்தன. தொண்டைக் கட்டும் குறைந்தது. மருத்துவர்கள் குரல்வளையைப் பார்த்துவிட்டு முன்னேற்றம் தெரிகிறது என்றார்கள். எல்லாம் முடிந்துவிட்டதுபோல் இருந்தது. இனித் தலையை முன்னும் மேலுமாக வைத்துக்கொண்டு பேசினால் போதும் என்று முடிவு செய்து அப்படியே பேசிப் பழகினார்.

ஆனால் குரல் எதிர்பார்த்த அளவு தேறவில்லை. சந்தேகம் வந்து, இன்னும் இரண்டு கண்ணாடிகளை வாங்கி இரு பக்கமும் நிறுத்தினார். பக்கவாட்டில் தெரிந்த காட்சி அவரைத் திகைக்க வைத்தது. தலையை முன்னால் கொண்டுபோவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்த அதே நொடியில், தலை பின்னால் போய்க்கொண்டிருந்தது. கழுத்து அவரிடம் முன்னால் என்று சொன்னது. கண்ணாடி பின்னால் என்று காட்டியது. அதற்கு முன்பு வரை, தான் என்ன செய்கிறோம் என்பது தனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் அவர் முழு முயற்சியையும் செய்துவந்தார். அந்த நம்பிக்கை அன்று உடைந்தது.

அலெக்சாண்டர் நுட்பம் என்று பிறகு பெயர்பெற்ற அவருடைய முறையைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரிந்த இந்த ஒரு முரண்தான். நீண்ட நாள் பழக்கம் ஒன்றைச் செய்யும்போது நமக்கு எதுவும் தெரிவதில்லை. அல்லது சரியாக இருப்பதுபோல் தெரிகிறது. அதை மாற்றினால்தான் தவறாக இருப்பதுபோல் தோன்றுகிறது. எது சரி என்று அளக்கும் அளவுகோலையே பழக்கம் மாற்றிவிடுகிறது.

இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு கைவிரல்களையும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு கட்டைவிரல் மேலே இருக்கும். விரல்களைப் பிரித்து, மற்றக் கட்டைவிரல் மேலே வரும்படி எல்லா விரல்களையும் ஓரிடம் தள்ளிக் கோத்துப் பாருங்கள். வேறு யாருடைய கையையோ பிடித்திருப்பதுபோல் இருக்கும். உடற்கூற்றைப் பொறுத்தவரை இரண்டு கோப்பும் சமம்தான். ஒன்று இயல்பாகவும் மற்றொன்று கோணலாகவும் தோன்றக் காரணம், ஒன்றை ஆயிரக்கணக்கான முறை செய்திருக்கிறோம் என்பது மட்டுமே.

கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது. இந்தப் புலனுக்கு 1906இல் புரோப்ரியோசெப்ஷன் என்று பெயர் வைத்தவர் ஆங்கிலேய உடலியங்கியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன். பிற்பாடு 1932இல் நோபல் பரிசு பெற்றவர், அலெக்சாண்டரின் வேலையை அறிந்து பாராட்டி எழுதியவரும்கூட. தசைகளுக்குள் இழைகளோடு இழையாகப் படுத்திருக்கும் நுண்ணிய உணர்விகள் தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று நொடிக்கு நொடி மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. மூட்டுகளும் தோலும் தங்கள் பங்குக்குச் செய்தி அனுப்புகின்றன. காதின் உட்பகுதியிலுள்ள சமநிலை உறுப்பும் கண்ணும் சேர்ந்துகொள்கின்றன. இவை எல்லாவற்றையும் கலந்து, உடம்பு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மூளை ஓர் ஊகத்துக்கு வருகிறது. நாம் உணர்வது அந்த ஊகத்தைத்தான்.

ஊகம் என்பதால் அதை ஏமாற்றவும் முடியும். 1972இல் குட்வின், மெக்லோஸ்கி, மேத்யூஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள், கண் கட்டப்பட்ட ஒருவரின் மேற்கைத் தசைநாண் மீது நொடிக்கு சுமார் 100 முறை அதிரும் கருவியை வைத்துப் பார்த்தார்கள். அதிர்வு தசையிலுள்ள உணர்விகளைத் தூண்டிவிடும். தசை நீள்கிறது என்று அவை தகவல் அனுப்பும். முழங்கை விரிந்துகொண்டே போவதாக அந்த மனிதர் உணர்வார். உண்மையில் கை விரிந்திருக்காது. 1988இல் ஜேம்ஸ் லாக்னர் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். விரல்களால் மூக்கைப் பிடித்திருக்கும்போது அதே அதிர்வைக் கொடுத்தால், கை விலகிப் போகிறது, ஆனால் விரல் மூக்கை விடவில்லை என்ற இரண்டு தகவல்களையும் சேர்த்து மூளை ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது: மூக்கு நீள்கிறது! தன் மூக்கின் நீளம் என்ன என்று பிறந்ததிலிருந்து அறிந்த ஒருவரே, நொடிகளில் அதை நம்பிவிடுகிறார்.

இந்தப் புலன் முற்றிலும் போய்விட்டால் என்ன ஆகும் என்பதையும் மருத்துவம் பார்த்திருக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் வாட்டர்மன் 1971இல், 19 வயதில், ஒரு தொற்றுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வையும் உடல்நிலை உணர்வையும் இழந்தார். தசைகளை இயக்கும் நரம்புகள் நன்றாகவே இருந்தன. ஆனால் கை எங்கே, கால் எங்கே என்று தெரியாததால் படுக்கையில் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்து, யோசித்துச் செய்யப் பழகி, கடைசியில் நடக்கவும் கற்றுக்கொண்டார். விளக்கு அணைந்தால் மட்டும் விழுந்துவிடுவார். நரம்பியல் மருத்துவர் ஜோனதன் கோல் அவருடைய கதையை 1991இல் நூலாக எழுதினார். நாம் எதையும் யோசிக்காமல் நின்று, நடந்து, உட்காருவதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய மௌனமான வேலை நடக்கிறது என்பதை வாட்டர்மனுடைய வாழ்க்கை காட்டுகிறது. மௌனமாக நடக்கிறது என்பதால்தான் அதில் புகுந்த பிழையும் நம் கவனத்துக்கு வருவதில்லை.

பிழை எப்படிப் புகுகிறது? அதற்குப் பழக்கம் மூளையில் உருவாகும் விதத்தைப் பார்க்க வேண்டும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆன் கிரேபியல் ஆங்கில டி எழுத்து வடிவப் பாதையில் எலிகளை ஓடவிட்டு, அவற்றின் மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தார். ஒரு சத்தம் கேட்டால் இந்தப் பக்கம், வேறு சத்தம் கேட்டால் அந்தப் பக்கம், முடிவில் தீனி. புதிதாகக் கற்கும்போது ஓட்டம் முழுவதும் அந்த அணுக்கள் துடித்தன. நன்றாகப் பழகிய பிறகு தொடக்கத்தில் ஒரு துடிப்பு, முடிவில் ஒரு துடிப்பு. நடுவில் ஏறக்குறைய அமைதி. ஓட்டம் முழுவதும் ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டுவிட்டது. பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் மூளைக்கு இல்லை. தொடங்கினால் போதும், முடிவு வரை தானே போய்விடும்.

அப்படித் தானே போகும் செயல், பலன் கெட்டுப்போன பிறகும் போகும் என்பதுதான் வேதனை. கேம்பிரிட்ஜில் கிறிஸ்டோஃபர் ஆடம்ஸ் 1982இல் இதைக் காட்டினார். நெம்புகோலை அழுத்தினால் சர்க்கரை உருண்டை வரும் என்று எலிகளுக்குப் பழக்கிவிட்டு, பிறகு அந்த உருண்டையைத் தின்றால் குமட்டும்படி செய்தார்கள். கொஞ்ச நாள் மட்டுமே பழகிய எலிகள் நெம்புகோலை விட்டுவிட்டன. மிக நீண்ட பயிற்சி பெற்றவை, கையில் வைத்துக் கொடுத்தாலும் தின்னாத உருண்டைக்காக அழுத்திக்கொண்டே இருந்தன.

மனிதர்களிடம் இதற்கு இணையான சோதனையை டேவிட் நீலும் வெண்டி வுட்டும் சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்டார்கள். இடம் ஒரு திரையரங்கு. முன்னோட்டப் படங்களை மதிப்பிட வேண்டும் என்று சொல்லி ஆட்களை அழைத்து, கையில் ஒரு பொட்டலம் பாப்கார்ன் கொடுத்தார்கள். சிலருக்குச் சுடச்சுடப் பொரித்தது, சிலருக்கு ஒரு வாரம் பழையது. படம் பார்க்கும்போது பாப்கார்ன் தின்னும் பழக்கம் இல்லாதவர்கள் பழையதை ஒதுக்கினார்கள். பழக்கம் ஊறியவர்கள் பழையதையும் புதியதற்கு இணையாகத் தின்று தீர்த்தார்கள். பிடிக்கவில்லை என்று அவர்களே பிறகு சொன்னார்கள்; நாக்குக்குத் தெரிந்திருக்கிறது, கை நிற்கவில்லை. வேறு சிலரைத் திரையரங்கில் இல்லாமல் ஒரு கூட்ட அறையில் உட்கார வைத்தபோது பழக்கம் ஊறியவர்களும் பழையதைக் குறைவாகவே தின்றார்கள். இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. திரையரங்கிலேயே, வழக்கமாகச் சாப்பிடும் கையை விட்டு மற்றக் கையால் தின்னச் சொன்னார்கள். அது போதும், நாக்கு சொன்னது கைக்குக் கேட்டுவிட்டது. மனவுறுதி பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அசைவின் வழக்கமான வரிசை கலைந்ததே போதுமானதாக இருந்தது.

இத்தனை சொன்ன பிறகு, பழக்கம் என்பது மூளையின் மேற்பார்வையே இல்லாமல் ஓடும் ஒன்று என்று தோன்றலாம். கிரேபியலின் குழு 2012இல் செய்த சோதனை வேறு மாதிரி சொல்கிறது. ஊறிய பழக்கமுள்ள எலிகளின் முன்மூளைப் புறணியில் ஒரு சிறு பகுதியை, ஓடும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் ஒளி பாய்ச்சி அணைத்தார்கள். பழக்கம் அங்கேயே நின்றது. குமட்டும்படி செய்யப்பட்ட தீனி இருந்த பக்கத்தை எலிகள் விட்டுவிட்டன. அவ்வளவு தானாக நடப்பதுபோல் தெரியும் செயலுக்கும் மேலே இருந்து ஒரு பகுதி ஒவ்வொரு முறையும் அனுமதி கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

அலெக்சாண்டரிடம் திரும்புவோம். தன் உணர்வை நம்ப முடியாது என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் எதை வைத்துத் திருத்துவது? பல மாதங்கள் கண்ணாடி முன் தோற்றுக்கொண்டே இருந்தார். தலையைச் சரியாக வைக்க வேண்டும் என்று தீர்மானித்து வசனத்துக்கு வாயைத் திறப்பார். திறந்த அந்த நொடியில் பழையதே வந்துவிடும். பேச வேண்டும் என்ற எண்ணம் எழுந்தவுடனேயே உடம்பு பழைய ஏற்பாட்டுக்குத் தயாராகிவிடுகிறது என்பதை மெல்ல மெல்லக் கண்டுகொண்டார். கோளாறு பேச்சில் இருந்ததைவிட, பேசுவதற்கு முந்தைய நொடியில் அதிகம் இருந்தது.

எனவே பேச வேண்டும் என்ற எண்ணம் வந்தவுடன் பேசாமல் நிற்கப் பழகினார். கழுத்து இறுகாமல், தலை முன்னும் மேலுமாக, முதுகு நீண்டும் அகன்றும் இருக்கட்டும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வார், எதையும் செய்யமாட்டார். அப்படிச் சொல்லிக்கொண்டே இருக்கும்போது கடைசி நொடியில் புதிதாக முடிவெடுப்பார். வசனத்தைப் பேசலாம். பேசாமலே இருக்கலாம். அல்லது பேச்சை விட்டுவிட்டுக் கையைத் தூக்கலாம். எந்த முடிவானாலும் கழுத்துக்குச் சொன்னதை மட்டும் விடக்கூடாது. இந்தப் பயிற்சியின் புத்திசாலித்தனம் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. பேசப்போகிறோம் என்பது உறுதியாகத் தெரிந்தால் உடம்பு முன்கூட்டியே இறுகிவிடும். பேசாமலும் போகலாம் என்ற வழி உண்மையிலேயே திறந்திருந்தால், இறுகுவதற்கு அதற்குக் காரணம் கிடைக்காது. அந்த வழியில்தான் தொண்டைக் கட்டு அவரை விட்டுப் போனது. 1904இல் லண்டனுக்குப் போய் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். இந்த முழு விவரத்தையும் 1932இல் வெளிவந்த 'தி யூஸ் ஆஃப் தி செல்ஃப்' நூலில் அவரே எழுதியிருக்கிறார்.

முந்தைய நொடி என்பதை நரம்பியலாளர்கள் இப்போது அளந்திருக்கிறார்கள். 1983இல் பெஞ்சமின் லிபெட், தானாக விரும்பிக் கையை அசைக்கும் ஒருவரின் மூளையில் அசைவுக்கு ஏறத்தாழ அரை நொடி முன்பே மின் மாற்றம் தொடங்கிவிடுகிறது என்றார். அசைக்கப்போகிறேன் என்ற உணர்வு அதற்குப் பின்தான் வருகிறது. இதை வைத்துக்கொண்டு மனிதருக்குச் சுயவிருப்பமே கிடையாது என்று பலர் அவசரப்பட்டு முடிவு கட்டினார்கள். 2016இல் பெர்லின் ஆய்வாளர்கள் ஒரு விளையாட்டு நடத்தினார்கள். மூளை அலையைப் பார்த்து, இவர் இப்போது காலை அசைக்கப்போகிறார் என்று கணினி ஊகித்தவுடன் சிவப்பு விளக்கு எரியும். எரிந்த பிறகு அசைந்தால் தோல்வி. மின் மாற்றம் தொடங்கிய பிறகும் மனிதர்களால் அசைவை நிறுத்த முடிந்தது. அசைவுக்குச் சுமார் 200 மில்லி நொடி முன்பு வரை கதவு திறந்திருக்கிறது; அதன் பிறகுதான் திரும்ப முடியாது. சின்ன இடைவெளிதான். ஆனால் அலெக்சாண்டர் கண்ணாடி முன் நின்று அகலப்படுத்த முயன்ற இடமும் அதுதான் என்று நான் கருதுகிறேன்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1916வாக்கில் அலெக்சாண்டரைச் சந்தித்து அவரிடம் பாடம் கற்றார். 1922இல் எழுதிய தம் நூலில் நிமிர்ந்து நிற்பதையே உதாரணமாக எடுத்துக்கொண்டார். கோணலாக நிற்கும் ஒருவரிடம் நேராக நில் என்றால் அவர் வேறொரு கோணலுக்கு மாறுவார் என்பது அவர் வாதம். நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் இது தினமும் நடக்கிறது. கூன் போடாமல் நிமிர்ந்து உட்கார் என்று அதட்டியவுடன் பிள்ளை நெஞ்சைத் தள்ளி, இடுப்பை வளைத்து, தோள்பட்டையைப் பின்னால் இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்காரும். இரண்டு நிமிடத்தில் களைத்துப் பழையபடி சரியும். பிள்ளை சொன்னபடி கேட்கவில்லை என்று பெரியவர்கள் கோபப்படுவார்கள். அந்தப் பிள்ளை பாவம். நிமிர்வது என்றால் அதன் உடம்புக்குத் தெரிந்தது அந்த விறைப்பு மட்டும்தான், தெரிந்ததைச் செய்தது. அதட்டுவதை நிறுத்தினாலே பாதி முதுகுகள் பிழைக்கும் என்பது என் நம்பிக்கை.

நகம் கடிக்கும் குழந்தையின் கதையும் இதே மாதிரிதான். விரலில் வேப்பெண்ணெய் தடவுவது, கையில் ஒரு தட்டு தட்டுவது, கூடப் படிக்கும் பிள்ளையோடு ஒப்பிடுவது என்று எல்லாம் செய்து பார்ப்போம். 1973இல் நேதன் அஸ்ரின், கிரெகரி நன் என்ற இரண்டு உளவியலாளர்கள் வேறு வழியில் போனார்கள். நகம் கடித்தல், முடி பிடுங்குதல், தலையை வெட்டி இழுத்தல் போன்ற பழக்கங்களோடு வந்த 12 பேரிடமும் பழக்கத்தை நிறுத்தச் சொல்வதற்கு முன் அதை விவரிக்கச் சொன்னார்கள். எந்தக் கை முதலில் எழுகிறது, எந்த விரல், அது முகத்தில் எங்கே படுகிறது, பல் எப்படித் திறக்கிறது. தேவைப்பட்டால் கண்ணாடியில் பார்த்து, மெதுவாகச் செய்துகாட்டியும் சொல்ல வேண்டும். பிறகு செய்யும்போதெல்லாம் கண்டுபிடிப்பது. அதற்கும் பிறகு, செய்வதற்குச் சற்று முன் உடம்பில் தெரியும் அறிகுறியைக் கண்டுபிடிப்பது: கை முகத்தின் பக்கம் எழுவது, நகத்தின் ஓரத்தை இன்னொரு விரல் தடவிப் பார்ப்பது. கடைசியில்தான், அந்த அறிகுறி வந்தவுடன் கையை மூடி இறுக்கிச் சில நிமிடம் வைத்திருக்கும் மாற்று அசைவு. அன்று தொடங்கிய இந்த முறை, டூரெட் நோயுள்ள பிள்ளைகளுக்கு விருப்பமின்றி வரும் வெட்டு இழுப்புகளுக்கும் இன்று பயன்படுகிறது. 2010இல் வெளியான ஓர் ஆய்வில் 126 பிள்ளைகளில் இந்த வழியில் பயிற்சி பெற்றவர்களில் 52.5 சதவீதத்தினர் நன்றாகத் தேறினார்கள். ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 18.5 சதவீதம்.

சிகரெட் விஷயத்திலும் கவனிப்பதற்கு இதே இடம் கிடைத்திருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சாரா போவனும் ஆலன் மார்லட்டும் 2009இல், புகைக்கும் மாணவர்களிடம் ஆசை எழும்போது அதை அடக்காமலும் அதற்கு இணங்காமலும், உடம்பில் அது எங்கே தெரிகிறது, எப்படி ஏறி இறங்குகிறது என்று மட்டும் பார்க்கச் சொன்னார்கள். மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் அடுத்த ஏழு நாட்களில் ஆசையின் அளவில் வித்தியாசம் இல்லை. பிடித்த சிகரெட்டுகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது. ஆசைக்கும் கைக்கும் நடுவில் இருந்த ஒட்டு தளர்ந்திருக்கிறது.

அலெக்சாண்டரின் முறை உண்மையில் என்ன செய்யும், என்ன செய்யாது? 1973இல் மருத்துவ நோபல் பெற்ற விலங்கு நடத்தை அறிஞர் நிகோ டின்பர்கன், ஸ்டாக்ஹோம் உரையின் கணிசமான பகுதியை அலெக்சாண்டருக்கு ஒதுக்கி, தம் குடும்பத்தினர் பெற்ற பலன்களை அடுக்கினார். உறக்கம், மூச்சு, இரத்த அழுத்தம் எல்லாம் தேறியதாகச் சொன்னார். நோபல் மேடையில் சொன்னாலும் ஒரு குடும்பத்தின் அனுபவம் சான்றாகிவிடாது. உறுதியான சான்று 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. நாள்பட்ட முதுகுவலி உள்ள 579 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஓராண்டு தொடர்ந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு நான்கு வாரத்தில் 21 நாட்கள் வலி இருந்தது. அலெக்சாண்டர் பாடம் 24 முறை பெற்றவர்களுக்கு 3 நாட்கள். ஆறு பாடம் மட்டும் பெற்றவர்களுக்குக்கூட 10 நாட்கள் குறைந்திருந்தன. முதுகுவலி ஆராய்ச்சியில் இந்த அளவு வித்தியாசம் அடிக்கடி கிடைப்பதில்லை. பார்க்கின்சன் நோயாளிகள் 93 பேரிடம் 2002இல் நடந்த ஒரு சோதனையிலும், அன்றாட வேலைகளைச் செய்வதில் முன்னேற்றம் தெரிந்தது. பழக்கப் பொட்டலங்களைக் கட்டும் ஸ்ட்ரையேட்டம், டோபமின் என்ற வேதிப்பொருள் குறைந்து தடுமாறும் நோய் அது. தானாக நடந்தவற்றை யோசித்துச் செய்யக் கற்பது அவர்களுக்கு உதவியிருப்பதில் வியப்பில்லை.

இதற்கு வெளியே சான்று மெலிந்துவிடுகிறது. அவருடைய தாய்நாடான ஆஸ்திரேலியாவில் அரசு நடத்திய மறுஆய்வு, இந்த முறைக்குத் தெளிவான சான்று போதவில்லை என்று சொன்னது. 2019 ஏப்ரலில் தனியார் மருத்துவக் காப்பீட்டிலிருந்து இது நீக்கப்பட்டது. அலெக்சாண்டரும் தன் கண்டுபிடிப்பைத் தாண்டிப் பேசினார். பல நோய்களுக்கும் இதுவே விடை என்பதுபோல் எழுதினார். 1910இல் வந்த முதல் நூலில் மனித இனங்களை உயர்வு தாழ்வு பிரித்துப் பேசும் பகுதிகள் இன்று படிக்கச் சகிக்காதவை. ஒரு நல்ல கவனிப்பைச் செய்தவர் எல்லாவற்றிலும் நல்ல கவனிப்பாளர் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அவருடைய பாடத்தின் பெரும்பகுதி நாற்காலியிலிருந்து எழுவதும் உட்காருவதும்தான். நீங்களும் செய்து பார்க்கலாம். முதுகுவலியோ கழுத்துவலியோ கடுமையாக இருந்தால் மட்டும் மருத்துவரைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கை வைக்காத நாற்காலியில் உட்கார்ந்து, ஓர் உள்ளங்கையைப் பிடரியில், மண்டை ஓடு கழுத்தோடு சேரும் இடத்தில், அழுத்தாமல் வையுங்கள். இப்போது வழக்கம்போல் எழுந்திருங்கள். பெரும்பாலோருக்குப் பின்பக்கம் நாற்காலியை விடுவதற்கு முன்பே பிடரித் தசை கைக்குள் திரண்டு, தலை பின்னால் சரியும். மூச்சும் நின்றிருக்கும். தொடைக்கும் இடுப்புக்கும் உரிய வேலையில் கழுத்து எதற்காகக் குறுக்கே வருகிறது என்று கேட்டால், அது இத்தனை வருடமும் வந்துகொண்டிருந்தது என்பதுதான் பதில்.

அடுத்த முறை எழும்போது கழுத்தை நேராக்க முயலாதீர்கள். முயன்றால் வேறோர் இறுக்கம்தான் சேரும். எழலாம் என்று மட்டும் நினையுங்கள், எழாதீர்கள். அந்த எண்ணம் வந்தவுடனேயே பிடரியில் ஒரு சிறு திரட்சி உள்ளங்கைக்குத் தட்டுப்படும். அது அடங்கும் வரை அப்படியே இருங்கள். பிறகு எழலாம், எழாமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் இருக்கலாம். தொடக்கத்தில் எழுந்து நான்கு அடி நடந்த பிறகுதான் கழுத்தின் நினைவே வரும். பின்னர் எழும்போது பாதியில் வரும். போகப்போக, அடுப்பில் பால் பொங்குகிறது என்றோ வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்றோ காதில் விழும்போதே, உடம்பு நகர்வதற்கு முன் பிடரி இறுகுவது தெரியத் தொடங்கும்.